புது ஆயில் பம்ப் வாங்காதீர்கள்! பழைய புல்லட்டுக்கு வால்வு பேஸ்ட் போதும்

பழைய புல்லட்டில் ஆயில் பம்ப் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னாரா? பொறுங்கள். ஒரு டப்பா வால்வு பேஸ்ட்டும் (வால்வைத் தேய்த்துப் பொருத்தும் சொரசொரப்பான பசை) அரை நாளும் இருந்தால் போதும். பெரும்பாலும்!

வரலாறு ஒரே மூச்சில்: இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்தது, 1955இல் சென்னைக்கு வந்தது. பேசப்போவது அந்த வார்ப்பிரும்பு என்ஜினைப் பற்றி. பின்னால் வந்த யூசிஇ என்ஜின்காரர்கள் (என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டில் இருக்குமே, அது) லைக் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

(திரையில்: டைமிங் கவர், அதாவது என்ஜினின் பக்கவாட்டு மூடி, நெருக்கத்தில்)

பம்புக்குத் தனி வீடு கிடையாது, இந்தக் கவர்தான். இதற்குள் இரண்டு பம்புகள். ஒன்று ஆயிலை கிராங்குக்கு (பிஸ்டன் சுழற்றும் தண்டு) அனுப்பும், இன்னொன்று திரும்ப இழுக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத்தட்டு, அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் தண்டு, அதாவது பிளஞ்சர். தட்டு இப்படியும் அப்படியும் ஆட, கவரில் உள்ள துளைகள் திறந்து மூடும். தட்டைக் கவரோடு அழுத்திப் பிடிப்பது ஒரு ஸ்பிரிங் மட்டுமே.

தட்டும் கவரும் தொடும் முகம் தேய்ந்தால் அந்த இடைவெளியில் ஆயில் கசிந்துவிடும். ஊர் அடிபம்பு நினைவிருக்கிறதா? வாஷர் தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் கைதான் வலிக்கும். மேலே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் பிடிக்கும். சிலர் புல்லட்டுக்குக் கெட்டி ஆயில் ஊற்றுகிறார்களே, அதுதான் இந்தச் செம்புத் தண்ணீர்! என்ஜின் சூடானதும் பல்லிளித்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. தட்டுக்கும் கவருக்கும் உள்ள இடைவெளி பாதியானால் கசிவும் பாதியாகுமா? இல்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும்! மயிரிழைக்குள் இவ்வளவு இருக்கிறது. முதலில் கேட்டபோது நானே நம்பவில்லை. நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கவர் அலுமினியம், அதனால் நைஸ் பேஸ்ட் மட்டும். துளியூண்டு தடவி, தட்டை அதனதன் இடத்திலேயே வைத்து, அரை வட்டமாகத் தேயுங்கள். அவ்வப்போது தூக்கித் திருப்பி வையுங்கள். முகம் முழுக்க ஒரே மங்கல் சாம்பல் நிறம் வரவேண்டும். எங்காவது பழைய பளபளப்பு தெரிந்தால் அங்கே இன்னும் தொடவில்லை. பிளஞ்சரே தட்டுக்குள் லொடலொடவென்று ஆடினால் பேஸ்ட் உதவாது, பர்ஸைத் திறக்க வேண்டியதுதான்.

அப்புறம் மண்ணெண்ணெயில் கழுவி, துளைகளில் காற்றடித்து, மறுபடி கழுவுங்கள். மிச்சப் பேஸ்ட் நேராக பிக் எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பேரிங்குக்கு, போய் அதையும் தேய்த்துவிடும். நான் மூன்று தடவை கழுவுவேன். மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு வீட்டில் திட்டு தனி.

(திரையில்: ஓடும் என்ஜின்)

பம்பில் ஆயில் நிரப்பி, மாட்டி, ஸ்டார்ட் செய்து, ராக்கருக்கு (மேலே வால்வைத் திறக்கும் கை) போகும் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். இதோ, ஆயில் கசிகிறது பாருங்கள், பம்ப் வேலை செய்கிறது. உங்களுக்கு வராவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள்.