ஒரே பள்ளத்தாக்கு, இரண்டு நாடுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரனீஸ் மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில், ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில், செர்தான்யா என்னும் அகன்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 1659ஆம் ஆண்டு உடன்படிக்கை அதை ஸ்பெயினுக்கும் பிரான்சுக்குமாகப் பிரித்தது. கட்டலான் மொழியும் உறவுமுறைகளும் எல்லையின் இருபுறமும் நீடித்தாலும், பிரெஞ்சுப் பகுதியில் ஒருவருக்கு உயிராபத்து நேர்ந்தால், பனி மூடிய மலைச்சாலையில் பெர்ப்பினியான் வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் செல்ல வேண்டியிருந்தது. ஸ்பானியப் பகுதியின் புய்க்செர்தா நகரமோ கூப்பிடு தொலைவில் இருந்தது.

அங்கே இன்று இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் மருத்துவமனை இயங்குகிறது. நல்லெண்ணம் மட்டுமே அதைக் கட்டிவிடவில்லை. அண்டை நாட்டு உள்ளாட்சியோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் அதிகாரத்தை, 1995இல் கையெழுத்தான பயோன் உடன்படிக்கை உள்ளூர் அமைப்புகளுக்குத் தந்தது. எல்லை கடந்த கூட்டமைப்பு தன் பெயரிலேயே சொத்து வாங்கவும் பணியாளர்களை அமர்த்தவும் 2006இன் ஐரோப்பிய ஒன்றிய விதி வழிவகுத்தது. அதன்படி 2010இல் கூட்டமைப்பு உருவாகி, 2014இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. செலவில் அறுபது விழுக்காடு ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கட்டலோனியாவுடையது, எஞ்சியது பிரான்சுடையது.

மலைமக்களுக்கு இத்தகைய ஒப்பந்தம் புதிதன்று. இதே தொடரின் மேற்கில், புல்லுக்கும் தண்ணீருக்குமாக மோதிக்கொண்ட, இன்றைய ஸ்பெயினிலுள்ள ரொன்கால், பிரான்சிலுள்ள பரெத்தூ ஆகிய பள்ளத்தாக்குகளுக்கு 1375இல் நடுவர் தீர்ப்பு கிடைத்தது. அதன் தொடர்ச்சியாக ஆண்டுதோறும் ஜூலை 13 அன்று பரெத்தூ மக்கள், ஒரே நிறமுள்ள இரண்டு வயதுப் பசுக்கள் மூன்றை எல்லைக்கல்லருகே ரொன்கால் மக்களிடம் இன்றும் ஒப்படைக்கிறார்கள். அவர்களுக்கிடையே மேய்ச்சல், தண்ணீர் உரிமைகள் மட்டுமே வழக்காக இருந்தன. மருத்துவமனையிலோ பிறப்பும் இறப்புமே சட்டச் சிக்கலாயின.

புய்க்செர்தாவில் பிறக்கும் பிரெஞ்சுக் குழந்தையின் பிறப்பு ஸ்பெயினில் பதிவாகும்; பெற்றோர் பின்னர் அதைப் பிரெஞ்சுத் தூதரக வழியாகத் தம் நாட்டுப் பதிவேட்டிலும் ஏற்றவேண்டும். அங்கே இறந்தவரை சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சொந்த ஊருக்கு எடுத்துச்செல்வதும், சட்டத்தின் பார்வையில், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சடலத்தை அனுப்பும் செயலே. அதற்கு முத்திரையிட்ட பெட்டியும் தனி அனுமதியும் தேவைப்பட்டன. துயரத்தில் நிற்கும் குடும்பத்தின் தலையில் இந்தச் சுமையை ஏற்றுவது கொடுமை என்றே நான் கருதுகிறேன். சடலங்களைத் தரைவழியே கொண்டுசெல்வது குறித்து இரு அரசுகளும் 2017இல் மாலகா நகரில் தனி உடன்பாட்டில் கையெழுத்திட்டன. மருத்துவமனை திறந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகே அது நடந்தது. அடுத்த எல்லையில் இப்படியொரு மருத்துவமனையைத் திட்டமிடுவோர் கட்டட வரைபடத்தோடு இந்த உடன்பாட்டையும் முதல் நாளே மேசைமேல் வைக்க வேண்டும்.