நான் பார்க்காமல் எரிந்த மெழுகுவர்த்தி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இடம் தந்ததோடு நாற்காலி போடவும் கைகொடுத்த நூலகர் அவர்களே, இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கு நடுவே ஓடிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கண் மருத்துவர் அம்மா அவர்களே, எனக்கு முன் பேசி அவையைக் கட்டிப்போட்ட பேராசிரியர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? எந்த மேடையிலும் நான் விடாத பழமொழி இது. இன்று தலைப்பே அதுதான். நிறம், ஒலி, சூடு எல்லாம் உணர்பவர் இருந்தால்தான் உண்டு என்கிறார்கள். இவற்றை மட்டும் வைத்து நிலையான புற உலகைக் கட்டிவிட முடியுமா? பெர்க்லி, ஹியூம் என்ற இரண்டு தத்துவ அறிஞர்களின் விடையையும் பார்ப்போம்.

உணரப்படுவதே பொருளின் இருப்பு என்று 1710இல் எழுதினார் பெர்க்லி. சரி, ஆளில்லாத அறையில் மேசை என்ன ஆகும்? கடவுள் உணர்கிறார் என்பார். ஆக, மூடாத கண் ஒன்று பெர்க்லிக்கே தேவைப்பட்டது.

எனக்கு ஒன்பது வயது. மின்சாரம் போன இரவு, அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார். நாம் பார்க்காதபோதும் அது எரியுமா என்று எனக்குச் சந்தேகம். நகத்தால் அதில் ஒரு கோடு கீறிவிட்டு, கதவைச் சாத்தி வெளியே உட்கார்ந்தேன். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அதுவும் பார்ப்பதுதானே என்று துண்டைச் சுருட்டி இடுக்கை அடைத்தேன். கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ணினேன். நானூறோ ஐந்நூறோ, தூங்கிவிட்டேன். இருட்டில் என்மேல் தடுக்கிய அக்கா, "இங்கே என்னடா பண்றே?" என்று அதட்டினாள். கதவைத் திறந்தால் கோட்டைக் காணோம். தட்டில் வழிந்த மெழுகு ஓரத்தில் இறுகியிருந்தது, நடுவில் விரல் பதிந்தது. "அம்மா, நான் இல்லாமலே எரிஞ்சிருக்கு!" என்று கத்தினேன்.

ஹியூம் 1739இல் இதைத்தான் சொல்கிறார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் கணப்பில் நெருப்பு விட்டுப்போன நிலையில் இல்லை. ஆனாலும் மாற்றம் பழகிய வரிசையிலேயே இருக்கிறது. விடுபட்ட இடத்தைக் கற்பனை நிரப்புகிறது என்பது அவர் கணக்கு. இதை நான் ஏற்கவில்லை. கற்பனை கதையை நிரப்பலாம், மெழுகை உருக்குமா? நான் கண்டது இரண்டு காட்சி: நெட்டை வர்த்தி, குட்டை வர்த்தி. இரண்டையும் இணைத்தது யாரும் காணாத எரிதல்.

மருத்துவர் அம்மா கிளம்புவதற்குள் ஒன்று சொல்லியாக வேண்டும். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருளாது. நம் கண் மூடினாலும் அப்படித்தான். ஆனால் கருவிழி மங்கியவருக்கு உலகம் இருந்தும் இருட்டு. அவருக்கு நம் கருவிழியைப் பொருத்தலாம். கண்ணாடி போட்டவர்களும், கண்புரை அறுவை செய்தவர்களும் கண்தானம் செய்யலாம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டிலும் சொல்லிவையுங்கள், கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான். வண்டி வரும்வரை இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.