பேட்டரியா, ஆல்டர்னேட்டரா, வயரா? காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

[காட்சி: பானட் திறந்த கார். பக்கத்துல ஒரு மல்ட்டிமீட்டர்.]

சாவியைத் திருப்புறீங்க. 'டக்'னு ஒரு சத்தம், செல்ஃப் எடுக்கல. சுத்தி நிக்கிறவங்க எல்லாரும் "பேட்டரி போச்சு, மாத்திடுங்க"ன்னு சொல்வாங்க. போயிருக்கலாம். ஆனா எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர்லயோ, நடுவுல இருக்கிற வயர்லயோ கோளாறு இருந்து சார்ஜே ஏறலன்னா புது பேட்டரியும் சீக்கிரமே படுத்துடும். அதனால முதல்ல வோல்ட், கரண்ட் அளக்கிற மல்ட்டிமீட்டரை எடுங்க. டிசி 20 வோல்ட்ல வைங்க.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியை காலையில அளக்கணும். சிவப்பு முனை பிளஸ்ல, கறுப்பு மைனஸ்ல. 12.6 இருந்தா ஃபுல். 12.2ன்னா பாதி. 12க்குக் கீழன்னா கிட்டத்தட்ட காலி. உள்ள ஆறு செல், ஒவ்வொண்ணும் சுமார் 2.1 வோல்ட். சார்ஜர்ல முழுசா ஏத்தியும் 10.5லயே நிக்குதுன்னா ஒரு செல் செத்துடுச்சு. அந்த பேட்டரியை எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துடலாம்.

இப்போதான் ஓட்டி நிறுத்தின வண்டி 12.9 கூட காட்டும். அதை நம்பாதீங்க. ஹெட்லைட்டை ரெண்டு நிமிஷம் எரியவிட்டு அணைச்சுட்டு அளங்க.

[காட்சி: ஒருத்தர் சாவி போட, இன்னொருத்தர் மீட்டரைப் பார்க்கிறார்.]

அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது எண்ணைப் பாருங்க. 9.6க்கு மேல நின்னா பரவாயில்ல. 12.6ல இருந்து 8, 7ன்னு சரிஞ்சா பேட்டரியில வோல்ட் இருக்கு, தெம்பு இல்ல. 'டக்' சத்தம் வந்தும் எண் 12லயே அசையாம நிக்குதா? அப்போ பேட்டரியை விட்டுடுங்க. சந்தேகம் ஸ்டார்ட்டர் மோட்டார் மேலயும் அதுக்குப் போற கேபிள் மேலயும்தான்.

இப்போ எஞ்சின் ஓடட்டும். பெல்ட், ஃபேன் பக்கம் கை, துப்பட்டா எதுவும் போகக்கூடாது. 13.8ல இருந்து 14.5 வரைக்கும் காட்டினா சார்ஜ் ஏறுது. 12.4 காட்டி மெதுவா இறங்கிட்டே போனா ஏறல. 15ஐத் தாண்டினா வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் கோளாறு. அப்படியே ஓட்டினா பேட்டரி கொதிச்சு நாறும். ஒரு விதிவிலக்கு. மைனஸ் டெர்மினல்ல குட்டி சென்சார் உட்கார்ந்திருக்கிற புது கார்கள்ல சார்ஜிங்கை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். அதுல 12.8 காட்டினதும் பழுதுன்னு முடிவு கட்டாதீங்க. ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டுட்டு கொஞ்ச நேரம் பாருங்க.

சார்ஜ் குறைவா இருந்தா பலரும் நேரா ஆல்டர்னேட்டரைக் கழட்டிடறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு சோதனை இருக்கு, அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. எஞ்சின் ஓடணும், ஹெட்லைட்டும் புளோயரும் போட்டிருக்கணும். சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர்ல தடிமனான வயர் மாட்டியிருக்கிற போல்ட்ல வைங்க. கறுப்பை பேட்டரி பிளஸ்ல வைங்க. ரெண்டுமே பிளஸ்தானேன்னு தோணும். ஆமா, அதனாலதான் இந்த சோதனையே. நடுவுல இருக்கிற வயர் எவ்வளவு வோல்ட்டை முழுங்குதுன்னு மீட்டர் சொல்லும். 0.2, 0.3 வரைக்கும் சரி. 0.8, 1ன்னு வந்தா ஆல்டர்னேட்டர் ஒழுங்கா வேலை செய்யுது, வழியில வயரோ, அது முனையில இருக்கிற லக்கோ அரிச்சிருக்கு.

[திரையில்: ஆல்டர்னேட்டரில் 14.3 – பேட்டரியில் 13.3]

எர்த்தையும், அதாவது மைனஸ் பக்க இணைப்பையும், இதே மாதிரி பாருங்க. சிவப்பு பேட்டரி மைனஸ்ல, கறுப்பு ஆல்டர்னேட்டர் பாடியில. 0.2க்கு மேல போகக்கூடாது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர் வண்டின்னா எர்த் வயரைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். உப்புக்காத்து அதை விடாது. போல்ட்டைக் கழட்டி, எமரி பேப்பர்ல தேய்ச்சு இறுக்கினாலே பல வண்டி சரியாகும். கழட்டறதுன்னா எஞ்சினை அணைச்சு, முதல்ல பேட்டரி மைனஸை எடுத்துடுங்க.

வயர் நல்லா இருந்தாத்தான் ஆல்டர்னேட்டர் மேல பழி. அப்பவும் முதல்ல பெல்ட் தொளதொளன்னு இருக்கான்னு பாருங்க. பல நேரம் ஆல்டர்னேட்டர்ல இருக்கிற கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் மாத்தினாலே போதும். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கேளுங்க. இன்னொண்ணு: சாவி போட்டதும் டேஷ்போர்டுல பேட்டரி விளக்கு எரியணும். பழைய மாடல் வண்டி பலதுல அந்த பல்ப் வழியாத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட்டே போகும். பல்ப் போனா சார்ஜும் போச்சு.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டி, வண்டி நிக்குதான்னு பார்க்கிற பழைய வித்தை ஒண்ணு உண்டு. தயவுசெஞ்சு வேண்டாம். அந்த நொடி வோல்டேஜ் எகிறி ஈசியூ (வண்டியோட கம்ப்யூட்டர்), ஆல்டர்னேட்டருக்குள்ள இருக்கிற டையோடு எல்லாம் போயிடலாம். பேட்டரி பக்கத்துல தீப்பொறியும் ஆபத்து, அதுல இருந்து வர்றது ஹைட்ரஜன்.

எல்லாம் சரியா இருந்தும் ராத்திரியில பேட்டரி இறங்குதா? சாவியை எடுத்துட்டு, மைனஸ் வயரைக் கழட்டி, அந்த வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்ப் துளையில மாட்டுங்க. மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணக்கூடாது. அரை மணி நேரம் விடுங்க, வண்டி தூங்கட்டும். 50 மில்லிஆம்புக்குள்ள இருந்தா சரி. அதிகமா இருந்தா ஃபியூஸை ஒவ்வொண்ணா பிடுங்குங்க. எதுல எண் சடார்னு விழுதோ அந்த லைன்தான். வெளியில மாட்டின டேஷ்கேம், ஜிபிஎஸ், ஸ்டீரியோ இருந்தா அந்த ஃபியூஸ்ல இருந்தே ஆரம்பிங்க.