நாலு தரம் கடலுக்குப் போனா டொல்பின் கணக்கு வந்துடுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஹட்டன்லேருந்து, ஏ.எல். உயிரியல் படிக்கிற ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. "ஸ்கூல் ட்ரிப்ல கற்பிட்டியில நூத்துக்கணக்குல டொல்பின் பார்த்தோம். அப்படி நாலு தரம் போயி எண்ணினா போதாதா? புளோரிடாவுல ஏன் 50 வருஷத்துக்கு மேல ஒரே குடாவுல ஆராய்ச்சி செய்றாங்க?"

நீங்க பார்த்தது அனேகமா ஸ்பின்னர் டொல்பின்மா, துள்ளிச் சுழலுற வகை. அது கரையை விட்டுத் தள்ளி, பெருங்கூட்டமா திரியும். புத்தளம் களப்புப் பக்கம் இருக்கிற கூன்முதுகு டொல்பின்தான் கரையோர வகை. அது சின்னச் சின்னக் கூட்டம்.

எதுவானாலும் தலையை எண்ணிப் பிரயோசனம் இல்ல, ஆளை அடையாளம் பிடிக்கணும். தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு பார்த்தா மட்டும் போதுமா? செக்ரோல்ல, அதாவது பேர்ப் பதிவேட்டுல, பேர் இருந்தாதானே யார் வரலன்னு தெரியும். டொல்பினுக்கு அந்தப் பேர், முதுகுத் துடுப்போட பின்விளிம்புல விழுந்திருக்கிற வெட்டும் பிசிறும். அது வருஷக்கணக்கா நிக்கும். மற்ற டொல்பின் பல்லு பட்டு மேல விழுற கீறல் ஆறி மறைஞ்சிடும், அதை நம்பிடாதீங்க.

படம் எடுக்கிறப்போ வெயில் உங்க முதுகுப் பக்கம் இருக்கணும். படகு கூட்டத்துக்குப் பக்கவாட்டுல, அதே வேகத்துல மெதுவா போகணும். துடுப்பு நேர் பக்கமா விழணும்; சரிஞ்சு விழுந்தா வெட்டோட ஆழம் தப்பாத் தெரியும். ஷட்டர் வேகம் 1/1000 செக்கனுக்குக் குறையக் கூடாது. நேரம், இடம், குட்டி எத்தனைன்னு அங்கேயே எழுதிடணும். பிறகு அந்தப் படங்களைப் பழைய படங்களோட ரெண்டு பேர் தனித்தனியா ஒப்பிட்டுப் பார்க்கணும்.

ஏன் ரெண்டு பேர்னா, இந்தக் கணக்கைப் பாருங்க. முதல் நாள் 30 டொல்பினை அடையாளம் பிடிக்கிறீங்க. ரெண்டாவது தரம் 24. அதுல 12 ஏற்கனவே பார்த்தது. 30ஐ 24ஆல பெருக்கி 12ஆல வகுத்தா 60 வரும், அதுதான் மொத்தக் கூட்டத்தோட மதிப்பீடு. மங்கலான படத்தால அந்த 12ல 4ஐ புதுசுன்னு நினைச்சிட்டா? வகுக்கிறது 8 ஆயிடும், விடை 90! இல்லாத 30 டொல்பினை நாமளே உண்டாக்கிட்டோம். அழிஞ்சுக்கிட்டிருக்கிற கூட்டத்தைப் பெருகுதுன்னு சொல்ற ஆபத்து இதுதான். குட்டிகளோட துடுப்புல பெரும்பாலும் வெட்டே இருக்காது, அதுக்குத் தனியா திருத்தம் போடணும்.

இனி வருஷக் கணக்கு. புளோரிடாவுல பார்க்கிற போத்தல்மூக்கு வகை டொல்பின் ஒரு வருஷம் வயித்துல சுமக்கும், குட்டி 3லேருந்து 6 வருஷம் தாயோட இருக்கும். அப்போ 10 வருஷம் பார்த்தாலும் ஒரு தாய்க்கு ரெண்டு மூணு குட்டிதான். புளோரிடாவுல சரசோட்டா குடாவுல 1970லேருந்து பார்க்கிறாங்க. அங்க ஒரு பெண் டொல்பின் 67 வயசு வரைக்கும் இருந்திருக்கு. யாரு யாரோட பிள்ளைன்னு தெரிஞ்சதாலதான் ஒரு வேதனையான விஷயமும் பிடிபட்டுச்சு: தாய் உடம்புக் கொழுப்புல வருஷக்கணக்கா சேர்ந்த பீ.சீ.பீ.ங்கிற தொழிற்சாலை இரசாயன நஞ்சுல பெரும்பங்கு பால் வழியா முதல் குட்டிக்குப் போயிடுது. முதல் குட்டி பிழைக்கிறது கஷ்டம், பிந்திப் பிறக்கிறதுக்கு நஞ்சு குறைவு. நாலு தரம் போயி எண்ணினா இது எந்தக் காலத்துலயும் தெரிஞ்சிருக்காது.

மலையில இருக்கிற நமக்கென்னன்னு விட்டுடாதீங்க, நம்ம ஆத்துல கலக்கிறதும் கடலுக்குத்தான் போகுது. மஸ்கெலியா ஓயா களனியில சேர்ந்து கொழும்புக் கடலுக்குத்தான் போகுது, மகாவலி திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்கு. மறுபடி கற்பிட்டி போனீங்கன்னா கூட்டத்துக்குக் குறுக்கே படகை விடச் சொல்லாதீங்க, துரத்தவும் வேணாம். துடுப்பு தெளிவா விழுந்த படத்தைத் தேதி, நேரத்தோட அழிக்காம வைங்க.