சட்டியில் இருக்கவேண்டிய மணம்

நேயர்களுக்கு வணக்கம்.

தடிமன், காய்ச்சல் என்றதும் கொழும்பு வீடுகளில் அடுப்பில் ஏறுவது கொத்தமல்லியும் வெனிவெல் என்ற மரமஞ்சளும். சிலர் இரண்டு துண்டு கறுவாவும் போடுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, எட்டுக் கோப்பை தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை மூடாமல் காய்ச்சுவார்கள். வீடெல்லாம் மணக்கும். அந்த மணம் சட்டியை விட்டுப் போய்விட்ட மருந்து.

கறுவாப்பட்டையின் முக்கியமான சேர்வை சின்னமால்டிஹைட். அது நீராவியோடு சேர்ந்தே போய்விடும். எண்ணெய் வடிப்பவர்கள் அதைப் பிரித்தெடுப்பதும் இப்படித்தான். கொத்தமல்லியில் உள்ள லினலூலும் அதே குணம். வெனிவெல்லின் பெர்பரின் வேறு மாதிரி. அது ஆவியாகாத அல்கலோயிட்டு, எவ்வளவு கொதித்தாலும் தண்ணீரிலேயே நிற்கும். ஆகவே வெனிவெல்லை முதலில் தனியாகக் காய்ச்சி வற்றவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு இடித்த கொத்தமல்லியையும் கறுவாவையும் போட்டு, இறுக மூடி, பத்து நிமிடம் வையுங்கள்.

கறுவா நமது ஈரவலயக் காடுகளுக்குச் சொந்தமான மரம். அதன் பட்டையில் சின்னமால்டிஹைட், இலையில் யூஜினோல், வேர்ப்பட்டையில் கற்பூரம். யூஜினோல் கராம்பிலும் இருக்கிறது. பல்வலிக்குக் கராம்பெண்ணெய் மரத்துப்போகச் செய்வது அதனால்தான். எந்தப் பாகத்தில் வடித்தது என்று எழுதாமல் 'கறுவா எண்ணெய்' என்று மட்டும் போட்ட போத்தலை வாங்காதீர்கள். பட்டை எண்ணெயைக் கலக்காமல் தோலில் பூசினால் எரிந்து சிவக்கும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் இதையும் சொல்லுங்கள். அங்கே கறுவா என்று விற்கும் தூள் பெரும்பாலும் கசியா என்ற வேறு இனக் கறுவா. அதில் குமரின் என்ற சேர்வை அதிகம். சிலருக்கு அது ஈரலைத் தாக்கும். ஐரோப்பிய வரையறைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 6 மில்லிகிராம். ஏறக்குறைய இரண்டு கிராம் கசியாத் தூளே அந்த அளவைத் தொட்டுவிடும். நமது கறுவாவில் குமரின் மிகச் சொற்பம். தூளாக்கிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது, குச்சியாக வாங்குங்கள். நமது குச்சிக்குள் கடதாசி போன்ற மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். கசியா ஒரே தடித்த பட்டை, இரு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு மரக்கட்டைபோல் இருக்கும்.

வெனிவெல் மரமல்ல, மரம்போல் தடித்த காட்டுக்கொடி. புறக்கோட்டையில் வாங்கும்போது துண்டின் வெட்டுமுகத்தைப் பாருங்கள்: உள்ளே நல்ல மஞ்சள், நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல் கோடுகள், நாக்கில் வைத்தால் கடுங்கசப்பு. மருந்துக்கு எடுப்பது தண்டு என்பதால் ஒரு துண்டுக்காகக் கொடியையே வெட்டுகிறார்கள். அது மெதுவாக வளர்வது. தேவைக்கு மேல் வாங்கி அலுமாரியில் அடுக்கிவைக்காதீர்கள்.

பச்சிளங் குழந்தைக்கு ஒரு துளியும் வேண்டாம். பெர்பரின், இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு பிணைந்திருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளைப் பிரித்துவிடும். செங்கமாரி உள்ள குழந்தைக்கு அந்தப் பிலிருபின் மூளைவரை போகக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்கவேண்டும். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீனி அளவு மேலும் இறங்கலாம். சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் சைக்குளோஸ்போரினின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். கிளினிக்குக்குப் போகும்போது மாத்திரைப் பட்டியலோடு, இந்தக் கசாயம் குடிப்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.