மேட்டூரில் எத்தனை அடி?

நடுவர் அவர்களுக்கும் மன்னார்குடிப் பெருமக்களுக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் எதிரணித் தம்பிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்றாட வாழ்வில் பெரிதும் மகிழ்ச்சி தருவது வசதிகளா, எளிய இன்பங்களா என்பது தலைப்பு. வசதிகளே என்று வாதாடிய தம்பி என்ன சொன்னார்? "பாமணி ஆற்றில் மணல் பறக்கிறது. எதிரணியினர் நினைவிலேயே குளித்துவிட்டு ஈரத் துண்டோடு மேடை ஏறியிருக்கிறார்கள்" என்றார். பந்தலே அதிரக் கைதட்டினீர்கள்.

தம்பி, நான் ஈரத் துண்டோடுதான் வந்திருக்கிறேன். அது என் தாத்தாவின் துண்டு.

தாத்தாவுக்கு ஐந்து மா நிலம். விடிந்ததும் டீக்கடை பெஞ்சுக்குப் போவார். நாளிதழில் தலைப்புச் செய்தி பக்கமே அவர் கண் போகாது. மேட்டூர் அணை நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்களே, அதை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பார். மட்டம் ஏறியிருந்தால் போதும். கோலம் போடும் பெண்ணிடம் சொல்வார். சைக்கிளில் போகிறவரை நிறுத்திச் சொல்வார். "நானும் படித்துவிட்டேன் மாமா" என்றால், "பரவாயில்லை, இன்னொரு தடவை கேள்" என்பார். பாட்டிக்கு மட்டும் காபி கைக்கு வந்த பிறகுதான் சேதி!

கண்ணில் புரை விழுந்த பிறகு படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அது மழை பொய்த்த ஆண்டு. மட்டம் நாளுக்கு நாள் இறங்குகிறது, தாத்தாவின் சாப்பாடும் கூடவே இறங்குகிறது. ஒருநாள் பாட்டி என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய், "இரண்டு அடி கூட்டிச் சொல்லம்மா, மனிதர் நாலு வாய் சாப்பிடட்டும்" என்றார். கூட்டிச் சொன்னேன்.

டவராவில் காபி ஆற்றிக்கொண்டிருந்த தாத்தாவின் கை நின்றது. "நேற்று வரத்து எவ்வளவு என்று படித்தாய்? அந்த வரத்துக்கு ஒரே இரவில் இரண்டு அடி ஏறுமா?" உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏன்டி, இது குடகில் பெய்த மழையா, நம் அடுப்படியில் பெய்த மழையா?"

பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். தாத்தா காபி தளும்பத் தளும்பச் சிரிக்கிறார். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு உள்ளே போனது.

திரும்பச் சொல்கிறேன், தம்பி நன்றாகக் கேட்க வேண்டும். கண்ணில் ஒளி இல்லை. ஆற்றில் நீர் இல்லை. வயலில் பயிர் இல்லை. நேற்றுக் காதால் கேட்ட ஒரு எண் நினைவில் இருந்தது, அதை வைத்து ஒரு வீடே சிரித்தது! எந்தக் கடையில் விற்கிறது தம்பி, அந்தச் சிரிப்பு?

இன்று கைப்பேசியில் நொடியில் நீர்மட்டம் தெரிகிறது என்பீர்கள். தெரியட்டும், நல்லதுதான். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஒரு பேத்தி வேண்டாமா? நினைவில் குளிப்பதாகச் சொன்னீர்கள். மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-இல். குறுவை நெல் சாகுபடிக்கு ஜூன் 12-இல் திறக்க வேண்டும் என்பதை இந்த மண் மறக்காமல் வைத்திருப்பதால்தான், மணல் பறக்கும் ஆண்டிலும் உரிமையோடு தண்ணீர் கேட்கிறோம்.

படிப்பின் இன்பம் இந்த ஊருக்குப் புதிதா? 1931-இல் பக்கத்து மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் புறப்பட்டது. தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். ஏர் பிடித்த கைகளைத் தேடிப் புத்தகம் வந்த ஊர் ஐயா இது!

நேரம் ஆகிவிட்டது என்கிறார் நடுவர். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

தாத்தாவின் கடைசி ஆண்டில் தண்ணீர் வந்தது. அப்பா அவரைத் தூக்கிப்போய் வாய்க்கால் மதகில் உட்கார வைத்தார். முதல் தண்ணீரைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? செம்மண் நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு வரும். முன்னால் சருகுகள் வரும், சருகின் மேல் எறும்புகள் திக்குத் தெரியாமல் ஓடும். வெடித்த மண்ணில் நண்டு வளைக்குள் நீர் இறங்கும்போது குமிழி குமிழியாகப் பொங்கும். தாத்தாவுக்கு இது எதுவும் தெரியவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். "வளை நிரம்புகிறது" என்றார். "இன்னும் ஒரு நாழிகையில் நம் வரப்புக்கு வந்துவிடும்." என் கையை அவர் பிடித்த பிடி இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும்.

நாளைக் காலை உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து நாளிதழில் நாலு வரி படித்துக் காட்டுங்கள். மேட்டூரில் எத்தனை அடி என்று தொடங்குங்கள், மற்றதையெல்லாம் அவரே சொல்வார். நடுவர் அவர்களே, தீர்ப்பை எழுதும்முன் உங்கள் தாத்தாவையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.