மக்கள் எப்போதோ கதவைத் திறந்துவிட்டார்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலை முடித்த கையோடு வந்து பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மேலூர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

"திருநங்கையர் நாடாளுமன்றத்துக்குள் போகவிடாமல் தடுப்பது மக்களின் மனமா, கட்சிகளின் கதவா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அக்கா, மக்களின் மனம்தான் என்றார். வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் கதவைச் சாத்துகிற ஜனங்கள் ஓட்டு மட்டும் போட்டுவிடுவார்களா என்று கேட்டார். 2014இல் நம்ம மதுரைத் தொகுதியிலேயே திருநங்கை பாரதி கண்ணம்மா சுயேச்சையாக நின்றார், டெபாசிட் திரும்பவில்லை, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றும் கேட்டார்.

வீடு கிடைக்காத கதை உண்மை. அதை நான் மறுக்கவில்லை, மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த 2014 தேர்தலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஏப்ரல் 15ஆம் தேதி, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பு சொன்னது. ஏப்ரல் 24 நமக்கு வாக்குப்பதிவு. நடுவில் ஒன்பதே நாள். வேட்புமனு வாங்குவது அதற்கு முன்பே முடிந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் வாய் திறக்கும் முன்பே மதுரையில் ஒருவர் துணிந்து மனுப் போட்டுவிட்டார் ஐயா. எந்தக் கட்சியும் கை கொடுக்காமல், தனி ஆளாக.

தனி ஆளாக நிற்பது லேசுப்பட்ட காரியமா? அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை முன்மொழிய ஒரே ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். டெபாசிட் 25,000 ரூபாய், செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அதுவும் போச்சு. கட்சிச் சின்னம் நாம் பிறந்த நாளிலிருந்து தெருச் சுவரில் இருக்கிறது. சுயேச்சைக்கோ, மனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான் சின்னமே கிடைக்கும். அப்புறம் கையில் இருப்பது இரண்டு வாரம். அதற்குள் மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்று ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் போய் முகத்தையும் சின்னத்தையும் காட்டி வர வேண்டும். கொட்டாம்பட்டியில் ஆரம்பித்தால் ஆரப்பாளையம் போய்ச் சேருவதற்குள் பிரசாரம் ஓய்ந்துவிடும்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். தேர்தல் வேலைக்குப் போய் வந்தவன். ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் அதற்கு முன்பே மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். எந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கக் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வேட்பாளரின் ஏஜெண்டும் வந்து தன் ஆளுடைய பொத்தானை அமுக்குவார். ஒரு தேர்தலில் நான் இருந்த வகுப்பறைக்கு மூன்று ஏஜெண்டுகள்தான் வந்தார்கள். மூன்று பேரும் பெரிய கட்சிக்காரர்கள். மடியில் வாக்காளர் பட்டியல், காலடியில் காபி ஃபிளாஸ்க். எந்திரத்தின் கீழ்வரிசையில் சுயேச்சைகளின் பெயர்கள் ஏழெட்டு இருந்தன, ஆனால் அவர்கள் சார்பில் ஒரு ஆள் வரவில்லை. ஆள் இல்லாதவர்களுக்கு அலுவலர்கள் நாங்களே அமுக்க வேண்டும். நான்தான் ஒவ்வொன்றாக அமுக்கினேன். பீப் என்று சத்தம் வந்தது. எண்ணினோம், கணக்குச் சரி என்று எழுதினோம், அந்த ஓட்டுகளை அழித்துவிட்டு சீல் வைத்தோம். சாயங்காலம் வரைக்கும் அவர்களுடைய பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. மதுரைத் தொகுதியில் ஆயிரத்துக்கும் மேலான வாக்குச்சாவடிகள் இருக்கின்றன. சாவடிக்கு ஒரு ஆள் உட்கார வைக்கக் கட்சி வேண்டுமா, வேண்டாமா? தோற்றவரைக் காட்டி மக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை அக்கா.

சரி, கட்சி கூட நின்றால் என்ன நடக்கும்? 2020இல் திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றியத்தில் ரியா ஜெயித்தார். 2022இல் வேலூர் மாநகராட்சி 37ஆவது வார்டில் கங்கா நாயக் ஜெயித்தார். இரண்டு பேருக்கும் தி.மு.க. சின்னம் கொடுத்தது. வாக்களித்தவர்கள் அதே தமிழ்நாட்டு ஜனங்கள்தான். வீடு கொடுக்கத் தயங்கியவரும் அதில் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. பொத்தான் முன்னால் நின்றபோது அவர் கை நடுங்கவில்லை.

வடக்கே போனால் கட்சியே இல்லாமலும் ஜெயித்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் சப்னம் மௌசி சுயேச்சையாக நின்று எம்.எல்.ஏ. ஆனார். 2015இல் சத்தீஸ்கரின் ராய்கரில் மது கின்னர் மேயரானார், அவரும் சுயேச்சை. கட்னி நகரத்தில் கமலா ஜான் மேயராகத் தேர்வானாரே, அவர் கதையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கும். அது பெண்களுக்கு ஒதுக்கிய பதவி, இவர் சட்டப்படி ஆண் என்று நீதிமன்றம் அந்தத் தேர்தலையே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஊர் கொடுத்ததைக் காகிதம் பறித்துக்கொண்டது. அங்கே குறுகிய மனம் யாருடையது? ஓட்டுப் போட்டவருடையதா?

மேயர் பதவிக்கு ஒரு ஊரைத் தெருத்தெருவாக நடந்தே பார்த்துவிடலாம். நாடாளுமன்றத் தொகுதி அப்படியில்லை, அதற்குப் படை வேண்டும். நியூசிலாந்தில் ஜார்ஜினா பேயர் என்ற மவோரிப் பூர்வகுடிப் பெண்மணி 1995இல் கார்ட்டர்டன் என்ற சின்ன ஊருக்கு மேயரானார். அதைப் பார்த்த தொழிலாளர் கட்சி 1999இல் வைராரப்பா தொகுதியில் சீட்டுக் கொடுத்தது. நம்ம மேலூர் பக்கம் மாதிரி ஆடு மாடும் வெள்ளாமையுமாக இருக்கிற கிராமத்துத் தொகுதி. ஜெயித்தார். 2002இல் மறுபடியும் ஜெயித்தார். உலகத்திலேயே வெளிப்படையாகத் தன்னைத் திருநங்கை என்று சொல்லிக்கொண்டு நாடாளுமன்றம் போன முதல் ஆள் அவர்தான். அனுப்பி வைத்தவர்கள் படித்த பெருநகரத்துக்காரர்கள் இல்லை, விவசாயிகள்.

நடுவர் அவர்களே, நீங்கள் மணியை அடிக்கும் முன்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2015 ஏப்ரல் 24. திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமைகள் மசோதாவை மாநிலங்களவை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. அமைச்சராக இல்லாத உறுப்பினர் ஒருவர் கொண்டுவருகிற தனி உறுப்பினர் மசோதா அந்த அவையில் நிறைவேறி முப்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தது. நம்ம தமிழ்நாட்டு உறுப்பினர் செய்த காரியம், எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த அவையில் எழுந்து "என் வாழ்க்கையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள்" என்று சொல்ல ஒரு திருநங்கை இல்லை. மக்களவையின் 543 நாற்காலியிலும் இன்று வரை ஒருவரும் உட்காரவில்லை.

மக்களவை மக்கள் மனசு என்றே வைத்துக்கொள்வோம். மாநிலங்களவை? தமிழ்நாட்டுக்கு அங்கே 18 இடம். நாமா ஓட்டுப் போடுகிறோம்? எம்.எல்.ஏ.க்கள் போடுகிறார்கள், கட்சித் தலைமை கை காட்டுகிறவருக்கு. தகுதியான ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. நம்ம மதுரையில் பிறந்த பரதநாட்டியக் கலைஞர், திருநங்கை நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார், மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராகவும் அரசு அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்படியிருந்தும் இந்தப் பதினெட்டில் ஒன்றுகூட இன்று வரை ஒரு திருநங்கைக்குப் போகவில்லை. வீடு தர மறுத்தார் என்று அக்கா சொன்னாரே ஒரு வீட்டுக்காரர், அவருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டே கிடையாது. அப்படியானால் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருப்பது யார்? நடுவர் அவர்களே சொல்லட்டும். வணக்கம்.